பெங்களூரில் கார்த்திகைக் குளிர்: அடுத்த ஏழு நாள் வானிலைக் குறிப்பை நீங்களே தயாரிக்க முழு வழிகாட்டி

வாரக் குறிப்பு எழுத உட்காரும் புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். போனில் ஆப்பைத் திறந்து, ஏழு நாளுக்கும் போட்டிருக்கும் டிகிரியைப் பார்த்து, அதை வரிசையாக எழுதிவிடுகிறார்கள். பெங்களூரில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் டிகிரி என்பது கடைசியில் கிடைக்கும் விடை. வங்கக்கடலில் என்ன இருக்கிறது, அதனால் காற்று எந்தப் பக்கம் திரும்பும், அந்தக் காற்று மேகத்தைக் கொண்டுவருமா கலைக்குமா என்று மூன்றையும் பார்த்த பிறகுதான் குளிரைப் பற்றிப் பேச முடியும்.

முருகேஷ்பாளையா பக்கம் எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நவம்பர் இரண்டாவது வாரம் தொடங்கிப் பொங்கல் வரை ஞாயிறு மாலை குறிப்பு போடுகிறோம். எழுதுபவர்கள் முறை வைத்து மாறுகிறார்கள். படிப்பவர்கள் கேட்பது எல்லாம் வீட்டுக் கேள்விகள்: கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகலாமா, வெள்ளி ராத்திரி பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பலாமா, அதிகாலை விமானம் தாமதமாகுமா, அப்பாவை விடியற்காலையில் நடக்க விடலாமா. குறிப்பு இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. உட்காரும் முன் திறந்து வைக்க வேண்டியவை

இந்திய வானிலை ஆய்வு மையம் வட இந்தியப் பெருங்கடலுக்குத் தினமும் வெளியிடும் கடல் அறிக்கை முதலில் வேண்டும். வங்கக்கடலில் அடுத்த சில நாளில் தாழ்வு நிலை எதுவும் உருவாகுமா, உருவானால் எந்தப் பக்கம் நகரும் என்பது அதில்தான் இருக்கும்.

இரண்டாவது, பெங்களூரு வானிலை மையத்தின் மாவட்ட முன்னறிவிப்பு. மூன்றாவது, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கை. பெங்களூருக்கு எதற்குச் சென்னை அறிக்கை என்று கேட்பார்கள். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நிறையப் பேர் ஓசூரில் இருக்கிறார்கள். ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டம். அதற்கான எச்சரிக்கை சென்னையிலிருந்துதான் வரும். பெங்களூரு அறிக்கையை மட்டும் பார்த்தால் அத்திப்பள்ளி எல்லையோடு உங்கள் குறிப்பு நின்றுவிடும்.

அப்புறம் இன்சாட் செயற்கைக்கோள் படம், காற்றின் திசையைக் காட்டும் விண்டி போன்ற ஒரு ஆப், இப்போது எந்த வட்டாரத்தில் மழை பெய்கிறது என்று பார்க்க மேகசந்தேசா ஆப். கடைசியாக ஒரு நோட்டு. போன வாரம் நீங்கள் எழுதியதும் நடந்ததும் அதில் இருக்க வேண்டும்.

நேரத்தில் இரண்டு சிக்கல்கள் உண்டு. வானிலையைக் கணினியில் கணக்கிட்டுச் சொல்லும் மாடல்களின் வரைபடங்கள் பலவற்றில் உலகப் பொது நேரம் போட்டிருக்கும். அதோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். சனிக்கிழமை 00 என்று இருந்தால் நமக்கு அது சனி காலை 5.30. இன்னொன்று, வானிலை மையத்தின் மழை அளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான கணக்கு. திங்கள் காலை வெளியாகும் 30 மி.மீ. பெரும்பாலும் ஞாயிறு பெய்த மழை. இதைக் குழப்பிக்கொண்டு "திங்கள் மழை" என்று நோட்டில் எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினால், சரியாகச் சொன்ன முன்னறிவிப்புகூடத் தப்பானதாகத் தெரியும்.

2. எப்போது உட்கார வேண்டும்

வியாழன் இரவு ஒரு பத்து நிமிடம், ஞாயிறு பிற்பகல் ஒரு மணி நேரம். வானிலை மையத்தின் நீண்ட நாள் முன்னோட்டம் வாராவாரம் வியாழக்கிழமை வருகிறது. அடுத்த இரண்டு வாரத்தில் வங்கக்கடல் சுறுசுறுப்பாக இருக்குமா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் அதைப் பாருங்கள்.

ஞாயிறு இரண்டு மணிக்கு முன் எழுதத் தொடங்க வேண்டாம். ஐரோப்பிய மாடல் காலை 5.30 நிலவரத்தை வைத்துப் போடும் கணக்கு, அதாவது அதன் ஓட்டம், மதியவாக்கில்தான் முழுதாகக் கைக்கு வரும். காலை காபியோடு உட்கார்ந்தால் நீங்கள் பார்ப்பது முந்தின நாள் ஓட்டம். புயல் வாரத்தில் அந்த வித்தியாசத்துக்குள் கரை கடக்கும் இடமே மாறிவிடலாம்.

3. முதலில் கடல்

கடலில் ஒன்றும் இல்லையென்றால் வேலை பாதி முடிந்தது. அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். ஏதாவது இருந்தால் அதன் வலுவைப் பெயரை வைத்தே புரிந்துகொள்ளலாம். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, அதைவிட வலுத்தால் தாழ்வு மண்டலம், பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலம், காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால் புயல். இந்தப் பெயர்களை நீங்களாக ஏற்றி இறக்க வேண்டாம். தாழ்வுப் பகுதியைப் "புயல் வருது" என்று ஒருவர் குழுவில் போட்டால், அடுத்த அரை மணியில் ஊரிலிருந்து நாலு போன் வரும்.

நமக்கு வலுவைவிட முக்கியம் அது போகும் வழி. கடலூர், புதுச்சேரி, சென்னை பக்கம் கரையேறி மேற்கே நகர்ந்தால் பெங்களூருக்கு மந்தாரமும் மழையும் வரும், பகலிலேயே குளிரும். நெல்லூர், மசூலிப்பட்டினம் என்று வடக்கே போனால் நம் பக்கம் காற்று வடக்கு, வடமேற்காகத் திரும்பும்; மேகம் வந்தாலும் மழை குறைவு. இலங்கை, குமரிக்கடல் வழியாக அரபிக்கடலுக்குப் போனால் தென் தமிழகத்துக்குத்தான் நல்ல மழை. நமக்கு மேகமும் தூறலும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, கரை கடந்ததும் கணக்கை முடித்துவிடுவது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து வலுவிழந்தது. ஆனால் அதன் மிச்சம் மெல்ல உள்ளே நகர்ந்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. அதே மழையில்தான் திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு உயிர்கள் போயின. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை என்பது இங்கிருந்து தீபத்துக்குப் போகிறவர்களின் வழி. ஆகவே கரை கடந்த பிறகும் இரண்டு நாள் அந்த மிச்சம் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பாருங்கள். மெல்ல நகர்ந்தால் ஒரே இடத்தில் கொட்டும்.

4. காற்று: கொண்டலா, வாடையா

நம் பாட்டிமார் திசைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை. இந்தப் பருவத்துப் பெங்களூருக்கு இந்த இரண்டு பெயரே போதும்.

கொண்டல் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும்போது சூளகிரிப் பக்கம் வண்டி மேடு ஏறுமே, அதே மேட்டைக் காற்றும் ஏற வேண்டும். ஏறும்போது குளிர்ந்து, தாழ்வான மேகமாகப் பெங்களூரின் மேல் விரிகிறது. கடலில் பெரிதாக ஒன்றும் இல்லாமலே இரண்டு மூன்று நாள் சூரியன் தெரியாமல் போவது இதனால்தான். வாடை உள்நாட்டு நிலத்தின் மேலாக வரும் வறண்ட காற்று. வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும், இரவுக் குளிர் இறங்கும்.

காற்றை எந்த உயரத்தில் பார்ப்பது என்பதில் புதியவர்கள் தவறுகிறார்கள். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. ஆப்பில் 925 என்று இருக்கும் அழுத்த மட்டம் ஏறக்குறைய 750 மீட்டர். அது நம் தரைக்குக் கீழே போய்விடுகிறது. 850 மட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அது சுமார் 1,500 மீட்டர், நம் தலைக்கு மேல் அறுநூறு மீட்டர். மேகத்தைத் தள்ளும் காற்று அங்கேதான் இருக்கிறது. ஏழு நாளுக்கும் காலை, மாலை இரண்டு வேளைத் திசையை நோட்டில் ஓர் எழுத்தாகக் குறியுங்கள்: கொ அல்லது வா. வடகிழக்காக இருந்தால் முந்தின நாளோடு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

5. மேகம்

போன வருடம் எங்கள் குழுவில் ஒரு தம்பி "வியாழன் நல்ல வெயில்" என்று எழுதினார். ஆப்பில் மழை பூஜ்யம், செயற்கைக்கோள் படத்தில் மேகமே இல்லை. மூன்றாவது மாடி அக்கா அதை நம்பி, சாம்பார் பொடிக்கு மிளகாயும் மல்லியும் மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்துக் காயப்போட்டார். பதினொரு மணி வரை வெளிச்சமே வரவில்லை. மழை ஒரு சொட்டு இல்லை, ஆனால் மிளகாய் காம்பு வரைக்கும் நமுத்து, கையில் எடுத்தால் வளைந்தது. "ஏம்ப்பா, வெயில்னு போட்டிருந்தியே?" என்று படியிலேயே நிறுத்திக் கேட்டார். தம்பிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தம்பி பார்த்தது அகச்சிவப்புப் படம். அது வெப்பத்தை வைத்து மேகத்தைக் காட்டும். உயரமான, குளிர்ந்த மேகம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். பெங்களூரின் மந்தாரமோ தரையை ஒட்டிய மேகம். அதன் மேற்பரப்பும் நிலமும் ஏறக்குறைய ஒரே சூடு. படத்தில் இரண்டும் கலந்துவிடும். பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படத்தை (visible) பாருங்கள், அதில் வெண் போர்வையாகத் தெரியும். இரவில் அந்தப் படம் கிடையாது. ஞாயிறு பிற்பகலில் உட்காரச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஆப்பில் மழைப் படத்தை விட்டுவிட்டுத் தாழ்மேகம் என்ற அடுக்கைத் தனியாகத் திறக்க வேண்டும். மழை இல்லை என்பது வெயில் உண்டு என்று ஆகாது. குறிப்பில் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

6. இப்போது டிகிரி

டிசம்பரில் பெங்களூரின் சராசரி அதிகபட்சம் 27ஐ ஒட்டி, குறைந்தபட்சம் 16ஐ ஒட்டி இருக்கும். மந்தார நாளில் பகல் 22ஐத் தொடவே திணறும்; ஆனால் இரவு 17, 18க்குக் கீழே இறங்காது, ஏனென்றால் மேகம் நிலத்தின் சூட்டை வெளியே விடுவதில்லை. தெளிந்த நாளில் பகல் 27, 28 வரை போகும், விடியற்காலை 14, 15க்கு வந்துவிடும்.

ஆக இங்கே குளிர் இரண்டு வகை. பகல் முழுக்க ஸ்வெட்டரைக் கழற்ற விடாத ஈரக் குளிர் ஒன்று. விடியலில் மட்டும் நறுக்கென்று கடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் போய்விடும் வறண்ட குளிர் இன்னொன்று. "இந்த வாரம் குளிர் அதிகம்" என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் உதவாது. துணி காயாத குளிரா, அதிகாலை நடைக்கு ஆகாத குளிரா என்று சொல்லுங்கள்.

உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க எளிய வழி, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளி. மந்தாரம் என்று எழுதிய நாளில் இடைவெளி நாலு, ஐந்து டிகிரிதான் இருக்க வேண்டும். அங்கே பன்னிரண்டு வந்தால் மேகத்திலோ டிகிரியிலோ ஒன்று தப்பு. திரும்பப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் இந்தச் சோதனையில் ஒரு நாளாவது மாட்டுகிறது.

எந்த இடத்து டிகிரி என்பதையும் கவனியுங்கள். நகரத்து அளவு, பழைய எச்ஏஎல் விமான நிலையம், இப்போதைய விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி, விவசாயப் பல்கலைக்கழகத்து ஜிகேவிகே வளாகம் எல்லாம் ஒன்றல்ல. கட்டிடம் குறைந்த வெளிப்புறம் விடியலில் நகரத்தைவிட ஓரிரண்டு டிகிரி கூடுதலாகக் குளிரும். செய்தியில் வரும் மிகக் குறைந்த எண் பெரும்பாலும் அங்கிருந்து வருவது. அதை நகரத்துக்குள் இருக்கும் அல்சூருக்குப் போட வேண்டாம்.

7. அதிகாலை மூடுபனி

மூன்று விஷயம் ஒன்றாகச் சேர வேண்டும்: முதல் நாள் மழையோ ஈர நிலமோ, மேகம் இல்லாத இரவு, அசையாத காற்று. இதனால்தான் மழைக்காற்று விலகி வானம் தெளியும் முதல் ஒன்றிரண்டு விடியல்களில் தேவனஹள்ளி வெளியில் பனி இறங்குகிறது. ஆப்பில் பனிநிலை (dew point) என்று ஒரு டிகிரி இருக்கும்; காற்றிலுள்ள ஈரம் நீராக மாறத் தொடங்கும் அளவு அது. விடியற்காலைக் குறைந்தபட்சம் அதைத் தொடும் போலிருந்தால் "நாலு மணி முதல் எட்டு மணிவரை மூடுபனிக்கு வாய்ப்பு" என்று எழுதுங்கள். விமானத்துக்குப் போகிறவர், கிருஷ்ணகிரிச் சாலையில் வண்டி ஓட்டுபவர் இருவருக்கும் அந்த ஒரு வரி போதும்.

மாடியிலிருந்து இறங்கி ஸ்கூட்டர் சீட்டைத் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆறு மணிக்குச் சீட்டில் விரலால் கோடு போடும் அளவுக்கு நீர் கோத்திருந்தால் இரவு தெளிவாகவும் காற்றில்லாமலும் இருந்தது என்று பொருள். காய்ந்திருந்தால் பெரும்பாலும் மேகமோ காற்றோ இருந்திருக்கிறது. ஆப் சொன்னதை உங்கள் தெருவில் சரிபார்க்க இதைவிட மலிவான கருவி இல்லை.

8. மழையை எழுதும் விதம்

ஆறாம் நாள் சனிக்கிழமைக்கு "40 மி.மீ. மழை" என்று எழுதாதீர்கள். முதல் மூன்று நாளுக்கு வேளையோடு சொல்லலாம்: மாலை, இரவு, விடியல். நாலாம், ஐந்தாம் நாளுக்கு உண்டா இல்லையா என்பதோடு நிறுத்துங்கள். ஆறு, ஏழாம் நாளுக்குப் போக்கை மட்டும் சொல்லுங்கள்: "மந்தாரம் தொடரும் போலத் தெரிகிறது, புதன் பார்த்துச் சொல்கிறோம்." ஐரோப்பிய மாடலும் அமெரிக்க மாடலும் எதிரெதிராகச் சொன்னால் உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்காமல், இரண்டு விதமாகவும் இருக்கிறது என்றே எழுதிவிடுங்கள்.

வானிலை மையத்தின் சொற்களுக்கு அளவு உண்டு. கனமழை என்றால் ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல், மிக கனமழை 115.6 முதல், அதி கனமழை 204.4ஐத் தாண்டினால். ஓரிரு இடங்களில் என்றால் அந்த வட்டாரத்து மழைமானிகளில் கால்வாசி வரைக்கும்தான் மழை. நல்ல தூறலைக் கனமழை என்று எழுதிப் பழகிவிட்டால், நிஜமாகக் கனமழை வரும் நாளில் சொல்லுக்கு வலு இருக்காது.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையை உங்கள் சொல்லில் மாற்றி எழுத வேண்டாம். மாவட்டத்தின் பெயர், நிறம், தேதி, வெளியிட்ட நேரம் நாலையும் அப்படியே எடுத்துப் போடுங்கள். எச்சரிக்கை விடுவது வானிலை மையத்தின் பொறுப்பு, அதைக் கொண்டுசேர்ப்பது மட்டும்தான் நம் வேலை.

9. எழுதும் வடிவம்

போனில் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். தென்மேற்கு வங்கக்கடலில் ஒரு தாழ்வுப் பகுதி இருந்து, அது வட தமிழகக் கரையை நோக்கி வரும் வாரம் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு இப்படி இருக்கும்:

"ஞாயிறு மாலை 4 மணி நிலவரம். கடலில் தாழ்வுப் பகுதி, புதன் வாக்கில் வட தமிழகக் கரைக்கு வரலாம். திங்கள்: காலை வெயில், துணி காயப்போடலாம். செவ்வாய்: மதியத்துக்கு மேல் மந்தாரம். புதன்: பகலிலும் குளிர், விட்டுவிட்டு மழை, குடை, ஸ்வெட்டர் இரண்டும் வேண்டும். வியாழன்: மழை உண்டு, எவ்வளவு என்று புதன் இரவு சொல்கிறோம். வெள்ளி: மழை குறையலாம். சனி, ஞாயிறு: வாடை திரும்பும் போலத் தெரிகிறது, விடியலில் குளிர் கூடும், தேவனஹள்ளி பக்கம் மூடுபனிக்கு வாய்ப்பு. ஊருக்குப் போகிறவர்கள்: புதன், வியாழன் ஊத்தங்கரை, செங்கம் வழியைத் தவிர்க்கப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்ட எச்சரிக்கை கீழே."

எழுதிய நேரம் முதல் வரியில் இருப்பதைப் பாருங்கள். குறிப்பு வேறு குழுக்களுக்குப் போய், நாலு நாள் கழித்துத் திரும்பி வரும். நேரம் இல்லாவிட்டால் பழைய குறிப்பைப் படித்து யாராவது பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள்.

10. புதன் திருத்தம், ஞாயிறு கணக்கு

புதன் இரவு கடல் அறிக்கையையும் காற்றையும் மட்டும் திரும்பப் பாருங்கள். மாறியிருந்தால் பழைய செய்தியை அழிக்காமல் புதிதாகப் போடுங்கள்: "ஞாயிறு சொன்னது வியாழன் மழை, இப்போது அது வடக்கே நகர்ந்துவிட்டதால் வியாழன் மேகம் மட்டும்." காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் படிப்பவர்கள் அடுத்த முறை தாங்களே கடலைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். எங்கள் குழுவில் இப்போது முறை வைத்து எழுதும் இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான்.

அடுத்த ஞாயிறு நோட்டை எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே நடந்ததை எழுதுங்கள். டிகிரி இரண்டுக்குள் வந்திருந்தால் சரி. மழை உண்டு, இல்லை என்பதற்கு ஒரு குறி. வெயில், மந்தாரத்துக்குத் தனியாக இன்னொரு குறி. தப்பிய நாளுக்குப் பக்கத்தில் எந்தப் படியில் தப்பியது என்று ஒரு சொல்: கடல், காற்று, மேகம், டிகிரி. அந்த வரிசையை நிரப்பிய பிறகே புது வாரத்துக் கடல் அறிக்கையைத் திறங்கள்.